வரப்பில் தட்டைப்பயறு, தூரில் சிலந்தி: நெல் விவசாயிகள் கேட்டவை

ஐயா, வரப்பெல்லாம் பூச்செடி வைக்கச் சொல்கிறார்கள். விளைச்சல் குறையாதா? (3 ஏக்கர், சம்பா)

வயலுக்குள் ஒரு குழி நிலம்கூட விட வேண்டாம், வரப்பு போதும். தட்டைப்பயறு, உளுந்து, எள், செண்டுமல்லி நல்லவை. தட்டைப்பயறில் அசுவினிப் பூச்சி அடையும். அது நெல்லைத் தொடாது, ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு வயலுக்குள்ளும் இறங்கும். பூவின் தேன், நெல் பூச்சிகளின் முட்டையிலும் புழுவிலும் வளர்ந்து அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு. நடவன்றே விதையை ஊன்றிவிடுங்கள். பூக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், தாமதித்தால் பயனில்லை. தண்ணீர் ஏறும் தாழ்ந்த வரப்பில் உளுந்து அழுகிவிடும்.

வரப்பில் செடி இருந்தால் எலி வளை போடுமே?

வளைக்கு இடம் தருவது பெருத்த வரப்பு. 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் விடாதீர்கள். ஆந்தை உட்கார ஏக்கருக்கு 16 முதல் 20 தாங்கிக் குச்சிகள், பயிருக்கு மேலே தெரியும்படி. கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகள் வந்து உட்காரும். குச்சி நட்டுவிட்டு புரோமோடயலோன் என்ற எலி விஷமும் வைப்பவர்கள் இருக்கிறார்கள்! விஷம் தின்ற எலியைப் பிடித்த ஆந்தையும் சாகும்.

மயிலுக்கு மருந்து கலந்த தானியம் வைக்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது.

நட்டு 25 நாள். இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது. கடையில் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து கொடுத்தார்கள். அடிக்கட்டுமா?

வேண்டாம். இந்த வயதில் தூர் கட்டும் பயிர் இழந்த இலையை ஈடுகட்டிவிடும். மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தியும், தூரில் சாறு குடிக்கும் புகையான் பூச்சியின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான். புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும்போது தின்ன ஆளிருக்காது, பயிர் வட்டவட்டமாகக் கருகும். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இதனால்தான்.

வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளை (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) சாய்த்து, தண்ணீருக்குச் சற்று மேலே தூரைப் பாருங்கள். மேல் இலையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் ஒரு தண்டுக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் 1 வந்தாலே தண்ணீரை வடித்துவிட்டு, ஏக்கருக்கு 120 கிராம் பைமெட்ரோசின், தூரில் படும்படி. பூச்சி உடனே சாகாது, சாறு குடிப்பதை நிறுத்திச் சில நாளில் சாகும். "வேலை செய்யலை" என்று மறுநாளே வேறு மருந்து அடிப்பதுதான் பணத்துக்குக் கேடு. யூரியாவையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள், புகையானுக்கு அதுவே விருந்து.

முழு நிலத்தையும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாற்றலாமா?

நெல்தான் வருமானம் என்றால் மாற்றாதீர்கள். சுமார் 160 நாள் பயிர், ஆளுயரம் வளரும், மகசூல் குறைவு. யூரியா கூடினால் சாய்ந்துவிடும். தண்ணீர் நிற்கும் தாழ்ந்த வயல் ஒன்றில் போடுங்கள். விதைக்கு எடுப்பதாக இருந்தால் அடுத்த ரகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். பூக்கும்போது ஒருமுறை, அறுப்புக்கு முன் ஒருமுறை கலப்பனை (வேறு ரகச் செடிகளை) பிடுங்குங்கள்.