உள்பக்கமாகச் சுற்றிய காயில்

சார், வணக்கம். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. இயற்பியல். கொலாபாவில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு (டிஐஎஃப்ஆர்) கல்லூரியில் கூட்டிப் போனார்களாம். ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்தில் 18,000 ஆம்பியர் ஓடும் காயில் இருக்கிறது, அதில் கரன்ட் துளிகூட வீணாகாது என்கிறாள். முப்பது வருஷமாகக் கருகின காயிலை அவிழ்ப்பவனுக்கு இது நம்புகிற மாதிரியா இருக்கிறது? வீணாகாது என்றால் சப்ளை எதற்கு? கரன்ட் போனால் என்ன ஆகும்? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னது சரி. அது, துகள்களை மோதவிட்டால் சிதறுகிறவற்றைப் பதிவுசெய்யும் சி.எம்.எஸ். என்ற கருவியின் காந்தம். உள்விட்டம் 6 மீட்டர், நீளம் பன்னிரண்டரை மீட்டர். உங்கள் கடையை மாடியோடு சேர்த்து உள்ளே நிறுத்திவிடலாம். நயோபியம்-டைட்டானியம் கம்பியை திரவ ஹீலியத்தால் மைனஸ் 268 டிகிரிக்கும் கீழே கொண்டுபோனால் மின்தடை அடியோடு போய்விடுகிறது; இப்படிப்பட்ட பொருளைத்தான் மீகடத்தி என்பார்கள். தடை இல்லை, அதனால் சூடும் இல்லை. செலவு குளிர்விப்பதில்தான்.

ஆனால் தொழில் தெரிந்த உங்களிடம் நான் சொல்ல விரும்புவது அந்தக் கம்பியைப் பற்றி. குறுக்கே வெட்டினால் 64 மி.மீ. அகலம், சுமார் 22 மி.மீ. கனம். இதில் மீகடத்தி என்பது நடுவில் பட்டையாகப் பின்னிய 32 இழைகள் மட்டும். மீதி முழுக்க அலுமினியம்! இழைகளைச் சுற்றி மிகச் சுத்தமான அலுமினியம், இரு பக்கமும் கெட்டியான அலுமினியக் கலவை. எங்காவது ஒரு புள்ளி லேசாகச் சூடேறி மீகடத்தல் போய்விட்டால், அத்தனை ஆம்பியரும் சேர்ந்து அந்த இடத்தைப் பொசுக்கிவிடும். அப்போது கரன்ட் ஒதுங்கிப்போகத்தான் அந்தச் சுத்த அலுமினியம். இப்படி நடப்பதை ‘க்வென்ச்’ என்பார்கள். ஆக, கம்பியில் ஒரு பெரிய பங்கு கெட்ட நாளுக்காகப் போட்டது.

கெட்டிக் கலவைக்கு வேறு வேலை. காந்தப்புலமே காயிலை வெளிப்பக்கமாகத் தள்ளும். டிசைனில் வைத்த உச்சப் புலமான 4 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) அந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 60 மடங்குக்கு மேல். அதனால் உருளைமேல் சுற்றாமல், கனத்த அலுமினிய உருளைக்கு உள்பக்கமாகச் சுற்றினார்கள். நீங்கள் பம்ப் மோட்டார் ஸ்டேட்டரில் உள்ளே கை விட்டுக் கட்டுவீர்களே, பார்வைக்கு அந்த மாதிரி. நாலு அடுக்கு, இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்று.

சப்ளை எதற்கு என்றால், காயிலுக்கு வெளியே கரன்ட்டைக் கொண்டுவரும் பட்டைகள் சாதாரண உலோகம். அங்கே இழப்பு உண்டு. எம்.ஆர்.ஐ. காந்தத்தில் இரு முனைகளையும் மீகடத்தியாலேயே சேர்த்துவிட்டு சப்ளையைக் கழற்றிவிடுவார்கள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கரன்ட் போனாலும் காந்தம் பல்பு மாதிரிப் பட்டென்று அணையாது. முழுப் புலத்தில் அதற்குள் 260 கோடி ஜூல் தேங்கி நிற்கிறது. மீட்டர் கணக்கில் சுமார் 720 யூனிட். இவ்வளவுதானா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் ஆபத்தென்றால் அத்தனையையும் சில நிமிடங்களில் இறக்க வேண்டும். ஒரு பங்கு வெளியே உள்ள பெரிய ரெசிஸ்டர்களில் சூடாகப் போகும், மீதி 220 டன் காயில் முழுக்கப் பரவும். மறுபடி குளிர்விக்க நாள்கணக்கில் ஆகும்.

இத்தனையும் எதற்கு? வேகமான துகள் லேசில் வளையாது. 100 கிகா எலக்ட்ரான் வோல்ட் உந்தமுள்ள துகளின் தடத்தில் ஒரு மீட்டருக்கு நூல் பிடித்துப் பார்த்தால், நடுவில் ஒன்றரை மி.மீ.கூட விலகியிருக்காது. வழக்கமாக ஓட்டும் 3.8 டெஸ்லாவில் அவ்வளவுதான். அந்த வளைவை அளந்துதான் உந்தத்தைக் கணக்குப் போடுகிறார்கள்.

அப்புறம் ஒன்று. காயிலுக்கு உள்ளே இடம் போதாமல், சில துகள் சிதறல்கள் அதைத் தாண்டிக் கசிந்துவிடும். அவற்றைப் பிடிக்கக் காயிலுக்கு வெளியே ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளால் ஓர் அடுக்கு உண்டு. அங்கே காயிலே ஒரு தடுப்புச் சுவராகவும் வேலை செய்கிறது. அந்த அடுக்கைச் செய்ததில் டிஐஎஃப்ஆருக்குப் பெரிய பங்கு. அந்தத் தகடு எதையாவது உங்கள் மகளுக்குக் காட்டினார்களா என்று கேட்டு எழுதுங்கள்.