வாசகர் கேள்வி: கலத்துக்குள் இருக்கும் பொட்டாசியத்தைப் பார்க்க முடியுமா?

கேள்வி: என் தாயார் சிறுநீரக நோயாளி. கிளினிக்கில் இரத்தப் பொட்டாசியத்தைப் பார்த்து, இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உயிருள்ள கலங்களில் பொட்டாசியத்தை ஒளிரச் செய்து காட்டும் உணரிகள் வந்துவிட்டதாக உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் சொல்கிறாள். இனி ஊசி குத்தாமலே பார்க்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: மகள் சொன்னது உண்மை, ஆனால் அந்த உணரிகள் ஆய்வுகூட நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்படும் கலங்களுக்கானவை என்பதால், தாயாருக்கு ஊசி தொடரத்தான் வேண்டும். இரண்டு அளவைகளும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கின்றன. இரத்தப் பாயத்தில், அதாவது இரத்தக் கலங்கள் மிதக்கும் திரவத்தில், லீற்றருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் பொட்டாசியமே உண்டு. கலத்துக்குள்ளோ அது 140 அளவில் இருக்கும்.

பொட்டாசியத்துக்கு உணரி செய்வதில் முதல் இடைஞ்சல் சோடியம். இரண்டும் ஒற்றை நேரேற்றம் கொண்டவை, பருமனில் மட்டும் சற்று வேறுபடுபவை. ஆய்வாளர்கள் மின்ராவும் ரொஜர் சியெனும் 1989 இல் வெளியிட்ட பிபிஎஃப்ஐ என்னும் சாயம் கலத்துக்குள் சென்று ஒளிர்ந்தது என்றாலும், சோடியத்தையும் ஓரளவு பற்றிக்கொண்டதால் அதன் ஒளி எதைக் காட்டுகிறது என்பதில் ஐயம் எழுந்தது.

திருப்பம் ஈ. கோலை பற்றீரியாவிலிருந்து வந்தது. அதிலுள்ள கேபிபி என்னும் சிறு புரதம், பொட்டாசியம் சேர்ந்ததும் சுருங்கி இறுகுகிறது. அதன் இரு முனைகளிலும் நீலமாகவும் மஞ்சளாகவும் ஒளிரும் புரதங்களை இணைத்தால், முனைகள் நெருங்கும்போது நீல ஒளி மங்கி மஞ்சள் மேலோங்கும். அந்த விகிதமே அளவாகிறது. 2017 இல் வெளிவந்த ஜெப்பி உணரிகள் இவ்வகையின. பரம்பரையலகாக உட்செலுத்தினால் கலமே உணரியைத் தயாரித்துக்கொள்ளும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எனினும், இயற்கையான கேபிபி ஒரு மில்லிமோலுக்கும் குறைந்த செறிவிலேயே பாதி நிரம்பிவிடும். இரணைமடுக் குளத்தில் ஓரடி அளவுகோலை நட்டுவைத்தது போல, 140 இல் அது எப்போதும் மூழ்கியே கிடக்கும். ஆகவே பொட்டாசியத்தின் மீது பற்று குறையும்படி மாற்றிய கேபிபி திரிபுகளை உருவாக்க வேண்டியிருந்தது. 2022 இல் வந்த ஜிங்கோ2 என்னும் உணரி அவ்வழியில் ஒரு முன்னேற்றம். ஆயினும் இவ்வகை உணரிகளின் ஒளி அமிலத்தன்மை மாறினாலும் மாறக்கூடும் என்பதால், அதையும் தனியே சரிபார்க்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எடுத்த இரத்தம் குலுங்கினாலோ, பிரித்தெடுக்கத் தாமதமானாலோ, கலங்களிலிருந்து பொட்டாசியம் பாயத்தில் கசிந்து இல்லாத உயர்வைக் காட்டும். தாயாரின் அறிக்கை எதிர்பாராமல் கூடியிருந்தால், வைத்தியர் மறுபடி இரத்தம் கேட்பது இதனாலும் இருக்கலாம்.