அரிசிப் பானையில் கிடந்த போன்

கேள்வி: நான்கு வருடப் போன். 35 சதவீதம் காட்டும்போதே, பேச்சுக்கு நடுவில் அணைந்துவிடுகிறது. சார்ஜர் வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஏறுகிறது. போன மாதம் வாய்க்காலில் விழுந்ததை இரண்டு நாள் அரிசிப் பானையில் போட்டு எடுத்தேன். புதுசு வாங்கிவிடட்டுமா?
– மன்னார்குடி பக்கத்து விவசாயி

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் வேறு வயர், வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால், சார்ஜ் ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். அறுப்பு நாளில் சட்டைப் பையில் கிடக்கும் போனுக்குள் நெல் சுணையும் துணிப் பஞ்சும் போய்ச் சேரும். பின்னைச் சொருகும்போதெல்லாம் அதை நாமே அடியில் திணித்துக் கெட்டியாக்குகிறோம். பிறகு பின் முழுக்க இறங்காமல் ஒரு நூல் அளவு வெளியே நிற்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியை மெல்லிசாகச் சீவி, அடிச்சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்டுங்கள். டைப்-சி என்றால் நடுவில் உள்ள நாக்கை நெம்பிவிடாதீர்கள். ஊக்கு, குண்டூசி வேண்டவே வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும். சுத்தம் செய்தும் வயர் ஆடினால், போனுக்குள் இருக்கும் சார்ஜ் ஓட்டைப் பாகத்தை (கடையில் ‘சார்ஜிங் பின்’ என்பார்கள்) மாற்ற வேண்டியதுதான்.

அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரி. பழைய லித்தியம் பேட்டரியில் உள்தடை, அதாவது கரண்டை உள்ளேயே தடுக்கும் தன்மை, கூடிவிடும். சும்மா கிடக்கும்போது வோல்டேஜ் சரியாக இருக்கும். சிக்னல் குறைந்த வயல்வெளியில் பேசும்போது போன் கரண்டை அதிகம் இழுக்க, வோல்டேஜ் சடாரென்று விழுந்து அணைந்துவிடும். சார்ஜரில் போட்டு ஆன் செய்ததும் மறுபடி 30 காட்டுகிறதா? பேட்டரியேதான். மாற்றும்போது மாடல் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள், வாரண்டியை ரசீதில் எழுதி வாங்குங்கள். பின்மூடி தூக்கி நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

அரிசிக்கு நம்மூரில் பஞ்சமில்லைதான், ஆனால் போனுக்கு அது வைத்தியமில்லை. அரிசித் துகள் போனைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் எச்சரித்தது. ஈரத்தோடு கரண்ட் ஓடினால் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் செம்பு அரித்துப் பச்சை பூக்கும். அதை அரிசி என்ன செய்யும்? இனி விழுந்தால் உடனே அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, ஓட்டை கீழே பார்க்க மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஒரு நாளாவது சார்ஜ் கூடாது. இப்போது பேட்டரிக்காகத் திறக்கும்போதே போர்டையும் பார்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். சிப்புக்கு அடியிலேயே அரித்திருந்தால்தான் புதுப் போன்.

கடைக்குக் கொடுக்கும் முன் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனின் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். சிம்மும் மெமரி கார்டும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.