கொரோனா நாட்களில் குடல் புற்றுநோய் ஆபரேஷன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குடல் அறுவை சிகிச்சை செய்பவன் என்பதால் கொரோனா காலத்தைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டர்களை மூடியதால்தானே டாக்டர் குடல் புற்றுநோயாளிகளுக்கு இத்தனை பாதிப்பும்?

பாதி உண்மை. ஐசியு படுக்கை, வென்டிலேட்டர், மயக்க மருந்து டாக்டர்கள் எல்லாம் கொரோனா வார்டுக்குப் போய்விட்டதால் ஆபரேஷன்கள் குறைந்தன. ஆனால் இங்கிலாந்தின் கணக்கைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அங்கே குடல் புற்றுநோய் ஆபரேஷன்கள் 2019-இன் மாத சராசரியைவிட 31 சதவீதம் குறைந்தன. ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி குறைந்ததோ 92 சதவீதம்! புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்படுபவர்களும் 63 சதவீதம் குறைந்தார்கள். நோய் இருப்பதே தெரியாதவரை யார் ஆபரேஷன் பட்டியலில் சேர்ப்பது? அந்த ஆண்டு அக்டோபருக்குள், வழக்கமாக வந்திருக்க வேண்டியவர்களில் 3,500 பேருக்கு மேல் அங்கே கண்டறியப்படவே இல்லை. தியேட்டர் கதவைவிட கொலனோஸ்கோபி அறையின் கதவு மூடியதுதான் பெரிய அடி என்பேன்.

அப்பாவின் ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். சண்டை போட்டாவது செய்ய வைத்திருக்க வேண்டுமா சார்?

இந்தக் குற்ற உணர்ச்சியோடு நிறையப் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பல வகைப் புற்றுநோய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஒரு தொகுப்பு, ஆபரேஷன் 4 வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். 100 பேரில் 20 பேர் இறக்கக்கூடிய நிலை என்றால் அது ஏறக்குறைய 21 ஆகும், 28 ஆகாது. சின்ன எண்ணிக்கை என்று நான் சொல்லவில்லை.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். 24 நாடுகளில், ஆபரேஷனை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 நோயாளிகளின் கணக்கை 2020 மே மாதம் வெளியிட்டார்கள். எல்லா வகை ஆபரேஷனும் அதில் அடக்கம். 30 நாளுக்குள் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இறந்திருந்தார், பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். தடுப்பூசி இல்லாத அந்த நாட்களில் இதைப் படித்துவிட்டுக் கத்தியை எடுக்க எனக்கும் கை தயங்கியது. நீங்கள் சண்டை போட்டிருந்தாலும் உங்கள் டாக்டர் அதையேதான் யோசித்திருப்பார்.

அப்போது எனக்கு வயிற்றில் பை வைத்தார்கள். கொரோனா இல்லாவிட்டால் வைத்திருக்க மாட்டார்களா?

உங்கள் கேஸைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டோமா வைப்பது, அதாவது குடலை வயிற்றின் மேல் திறந்துவிட்டு மலம் பையில் சேரும்படி செய்வது, கூடியது உண்மை. கட்டியை வெட்டியபின் குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறோம். சிலருக்கு அந்தத் தையல் கசியும். கசிந்தால் மறு ஆபரேஷன், அப்புறம் ஐசியு. ஐசியுவில் இடமே இல்லாத வாரத்தில் அந்தப் பந்தயத்துக்கு யார் துணிவார்கள்? பையை வைத்துவிட்டு, 'பிறகு மூடிக்கொள்ளலாம்' என்றோம். சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் வயிற்றிலிருந்து வெளியேறும் வாயுவில் வைரஸ் வருமோ என்ற பயத்தில் சில மாதம் பழையபடி வயிற்றைத் திறந்தும் செய்தோம். அந்தப் பயத்துக்குப் பின்னர் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்தப் 'பிறகு' இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்தல். பையை மூடும் ஆபரேஷன் உயிர் காக்கும் அவசரம் இல்லை என்பதால் வரிசையில் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

மலக்குடல் கட்டிக்கு 5 நாள்தான் ரேடியேஷன் கொடுத்தார்கள். குறைத்துவிட்டார்களா?

இல்லை. ஐந்து வாரத்துக்கு மேல் இழுக்கும் முறைபோல 5 நாள் முறையும் பல ஆண்டுகளாக இருப்பதுதான். ஆஸ்பத்திரிக்கு வரும் நடை குறையும் என்பதால் அப்போது அதை அதிகம் பயன்படுத்தினார்கள்.

அந்தச் சமயம் மலத்தோடு ரத்தம் போனது. பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பிறகு தானாகவே நின்றுவிட்டது. விட்டுவிடலாமா டாக்டர்?

விடாதீர்கள். மூல நோயாகவும் இருக்கலாம், ஆனால் குடல் கட்டியும் பாலிப்பும் (குடலின் உள்சுவரில் வளரும் சின்னச் சதை) விட்டு விட்டுத்தான் கசியும். ரத்தம் நின்றதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள்கூட ஆகும். பாலிப்பாகவே இருந்தால் கொலனோஸ்கோபியின்போதே பெரும்பாலும் எடுத்துவிடலாம், என்னைப் போன்றவரிடம் வர வேண்டியிருக்காது. மலப் பரிசோதனையா, நேராகக் கொலனோஸ்கோபியா என்பதை உங்கள் டாக்டர் பார்த்துச் சொல்வார். இந்த வாரமே போங்கள்.