"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று நிஜமாகவே நம்ப முடியுமா?

கேள்வி: நினைத்தே பார்க்காத கஷ்டம் வந்து நிற்கும்போது "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று உங்களால் நம்ப முடிந்ததா? முடிந்தது என்றால் எப்படி?

முடிந்தது. எல்லா நாளும் இல்லை. பொதுவாகச் சொல்கிற அர்த்தத்திலும் இல்லை.

அந்த வாக்கியத்துக்கு "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று பொருள் கொண்டால் அது பொய். ஆனவர்களை நிறையப் பார்த்தாயிற்று, அவர்களில் பலர் என்னைவிடப் பெரிய பக்தர்கள். "கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும்" என்று கொண்டாலும் உத்தரவாதம் கிடையாது. எனக்கு அது கொடுத்தது ரொம்பச் சின்ன விஷயம். முடிவு என்ன ஆகும் என்று தெரியாத நிலையிலும், அன்றைக்குச் செய்ய வேண்டியதை எழுந்து செய்ய முடிந்தது. நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும்.

என் கணவருக்கு நாற்பதுகளின் நடுவில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்கசிவு. காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பியவரை, மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே இருந்து வந்த செவிலியர் அவருடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, மோதிரம், அப்புறம் சட்டை. சட்டையை அவசரத்தில் கத்தரித்து எடுத்திருந்தார்கள். பொத்தான்கள் மட்டும் போட்டது போட்டபடியே இருந்தன.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கடவுள் ஞாபகமே வரவில்லை. எந்தெந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், காப்பீட்டு எண்ணை எங்கே எழுதி வைத்தோம், மாமியாருக்கு யார் சொல்வது, இவைதான் வந்தன. பக்தி இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் மனதில் ஓர் அமைதி இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. அது இறங்காததால் "எனக்கு நம்பிக்கையே இல்லை போல" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்து மனசை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதிர்ச்சியில் இருக்கும் உடம்புக்கு அந்த வேலைக்கெல்லாம் தெம்பு இருக்காது.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர் காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். "போன ஜென்மத்துக் கணக்கு." "ஏதாவது வேண்டுதல் பாக்கி இருக்கா, யோசிச்சுப் பாரும்மா." "பெரிசா வர வேண்டியது இதோட போச்சுன்னு நினைச்சுக்கோ." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொருவரும் போன பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் கிறிஸ்தவத் தோழி ஒருத்திதான். பல வாரம் கழித்து, ஏன் அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை என்று கேட்டபோது பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னாள். யோபுவுக்கு எல்லாம் போய்விடுகிறது: ஆடு, மாடு, பிள்ளைகள், கடைசியில் உடல்நலம். மூன்று நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான். அப்புறம் வாயைத் திறந்து, "நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய்" என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது, அவரிடமே எதிர்க்கேள்வி கேட்ட யோபுவை விட்டுவிட்டு, அவருக்காக வக்காலத்து வாங்கிய இந்த நண்பர்களைத்தான். யோபு என்னைப் பற்றிச் சரியாகப் பேசினான், நீங்கள் பேசவில்லை என்கிறார். பைபிளில் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலும் இதே பிரச்சினை வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போகிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார்.

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது கஷ்டப்படுகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. பார்க்க வந்தவர் அதைச் சொன்னால், பல சமயம் "இதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றுதான் காதில் விழுகிறது. இது என் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள்.

என் நம்பிக்கை திரும்பி வந்தது சண்டை வழியாகத்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தேவாரம் பழக்கம். சுந்தரர் கண்ணிழந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். உன்னைப் பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்து, அதை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. காஞ்சியில் ஒரு கண் திரும்பக் கிடைக்கிறது. திருவாரூருக்கு வந்து சிவனிடம் மறு கண்ணைக் கேட்கிறார். எப்படி? "குற்றம் ஒன்றும் செய்தது இல்லை, கொத்தை ஆக்கினீர்." (கொத்தை என்றால் குருடு. சத்தியம் தவறிய மனிதர் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!) "மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். அதாவது, தராவிட்டால் போங்கள், நீங்களாவது நல்லா இருங்கள்! அதே பதிகத்தின் முதல் பாட்டில், அடியார்கள் துன்பத்தைச் சொன்னால் நீர் பேசாமல் இருக்கிறீர் என்று ஒரு குத்தல் வேறு. இது ஏழாம் திருமுறையில் இருக்கிறது. இன்றைக்கும் பக்தியோடு பாடுகிறார்கள்.

யாருமில்லாத படிக்கட்டில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் பேசினேன். அழகாக எல்லாம் இல்லை. "கண்ணு இருக்கா இல்லையா உனக்கு" என்கிற ரீதியில். கேட்க ஆள் இருக்கிறது என்று நினைக்கிறவர்தான் திட்டுவார் என்பது அப்போது தோன்றவில்லை, பிற்பாடுதான் தோன்றியது.

சரி, அற்புதங்கள். இதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் முடியாது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் அப்பர் மிதந்து கரைசேர்ந்தார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கதையால் வரும் சங்கடமும் எனக்குத் தெரியும்: மூழ்கிப்போனவர்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் வேண்டினால் நோய் குணமாகுமா என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு, 2006இல் வெளிவந்தது. தங்களுக்காக யாராவது வேண்டுகிறார்களா இல்லையா என்று தெரியாதவர்களில், வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் வேண்டப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. வித்தியாசமே இல்லை. உங்களுக்காக நிச்சயமாக வேண்டுகிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம்! "எனக்காக ஆள் வைத்து வேண்டுகிற அளவுக்கு மோசமா?" என்று பயந்திருப்பார்களோ என்னவோ. இதைப் படித்தபோது என் நம்பிக்கை ஆட்டம் காணவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வேண்டினால் விளைவு இத்தனை சதவீதம் மாற வேண்டும் என்ற கணக்கில் நான் நம்பியிருந்தால் கண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். ரத்தக்கசிவில் அவருடைய பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது ஓரளவு புரியும், பதில் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் "அந்த... அந்த..." என்று தொண்டையோடு போராடுவார், கண்ணில் நீர் வந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னுடைய நிம்மதிக்காக அப்பரின் நமச்சிவாயப் பதிகத்தை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தேன். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" என்று நான் மூச்சு வாங்கிய இடத்தில், "நற்றுணை ஆவது நமச்சிவாயவே" என்று அவர் முடித்தார். திக்கல் இல்லை, திணறல் இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. "சொல்லுங்க, என்ன வேணும் சொல்லுங்க" என்று உலுக்கினேன். அவர் என்னைப் பார்த்து, "அந்த... அந்த..." என்றார்.

சொந்தக்காரர்கள் அற்புதம் என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள். சொந்தமாக வாக்கியம் அமைத்துப் பேசுவது பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்து வேலை. ஆனால் பாட்டு, பிரார்த்தனை, ஒன்று இரண்டு மூன்று, திங்கள் செவ்வாய் என்று வருடக்கணக்கில் வாயில் புழங்கிய தொடர்கள் அந்தப் பகுதியை அவ்வளவாக நம்பி இருப்பதில்லை. அதனால்தான் கெட்ட வார்த்தைகூடச் சில நோயாளிகளுக்குத் தெளிவாக வருமாம்! 1745இலேயே ஸ்வீடனில் இப்படி ஒருவரைப் பற்றிப் பதிவு இருக்கிறது: உடம்பின் வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போனவர், முன்பு கற்ற துதிப்பாடல்களை மட்டும் தெளிவாகப் பாடினார். இந்த வழியையே பயன்படுத்தி, ராகத்தோடு சொற்களைச் சொல்ல வைத்துப் பேச்சை மீட்கும் பயிற்சியை அமெரிக்காவில் 1970களில் உருவாக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் அதைத்தான் அவருக்குச் செய்தாள். "தண்ணீ வேணும்" என்பதை இரண்டு சுரத்தில் இழுத்து, இடது கையால் தாளம் தட்டச் சொல்லி, நூறு தடவை.

எனக்கு அவள் விளக்கம் முழுக்கச் சம்மதம். அவள் சொன்னதால் அந்தச் சாயங்காலம் எனக்குச் சின்னதாகவும் ஆகவில்லை. அவர் அம்மா அவருக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது, நாற்பது வருஷம் கழித்து அது எதற்குப் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்? கடவுள் பார்த்துக்கொள்கிறார் என்று நான் சொன்னால், இந்த மாதிரி விஷயங்களைத்தான் சொல்கிறேன். அந்தப் பயிற்சிப் பெண்ணையும் சேர்த்து.

கடவுள் காப்பாற்ற நம் முயற்சியும் வேண்டுமா என்ற பழைய விவாதம் இங்கே ஞாபகம் வருகிறது. வைணவத்தில் வடகலைக்காரர்கள் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள்: தாய் தாவினாலும் குட்டிதான் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலைக்காரர்கள் பூனைக்குட்டியைச் சொல்வார்கள்: தாயே கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். எது சரி என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதம். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். காலையில் பயிற்சி, மருந்துப் பட்டியல், ரத்த அழுத்தக் குறிப்பு, காப்பீட்டு அலுவலகத்தோடு வாக்குவாதம், எல்லாம் குரங்குக்குட்டி வேலை. இரவு பத்து மணிக்குமேல் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, கவலைப்படுவதைத் தவிர. அந்த நேரத்தில் பூனைக்குட்டியாக இருக்கக் கற்றுக்கொண்டேன். "இதற்குமேல் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். தூக்கம் சில நாள் வரும், சில நாள் வராது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. கட்டாமல் நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும், முக்கியமாக மாத்திரையை நிறுத்திவிட்டு நம்புகிறவர்களை.

இப்போது கஷ்டத்தின் நடுவில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், நம்பிக்கையை வரவழைக்க முயன்று களைத்துப்போகாதீர்கள். வாய் வரவில்லையென்றால் உங்களுக்காக வேறு யாராவது வேண்டிக்கொள்ளட்டும். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கிறவரிடம் "பரவாயில்லை" என்று சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று தோன்ற ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அதைப் பக்திக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம், போய்ப் பாருங்கள்.

என் கணவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வலது கை விரல்கள் முழுதாக விரிவதில்லை. பேச்சு வருகிறது, மெதுவாக, பெயர்கள் மாறி மாறி. கோபம் வந்தால் மட்டும் சரளம்! ஏன் எங்களுக்கு இது வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. யோபுவிடம் கடவுள் நான்கு அதிகாரம் பேசுகிறார், காரணத்தை மட்டும் சொல்வதில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு வருத்தம் இன்னும் தீரவில்லை. அதையும் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.