தனியாக வாழ்பவரைத் துறவி என்று சொல்லலாமா?

யாரோடும் சேராமல் தனியே வாழ விரும்புகிறவரைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது, துறவி என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் போலும்.

துறவி என்று சொல்லாதீர்கள். மடத்தில் நூறு பேரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரும் துறவிதான். தனிக்கட்டை என்றால் குடும்பமில்லாதவர். அவர் நாள் முழுக்க டீக்கடை பெஞ்சில் அரட்டை அடிப்பவராகவும் இருக்கலாம். 'ஒதுங்கி வாழ்பவர்' என்பதே போதும்.

ஆனால் ஆணுக்குக் கிடைக்கும் பெயர் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். திருச்சியில் நாயக்கர் அரசு வேலையை உதறிவிட்டு வந்து எங்கள் இராமநாதபுரத்தில் சமாதியான தாயுமானவர், சுவாமிகள். எகிப்துப் பாலைவனத்தில் தனித்திருந்த வனத்து அந்தோணியார், புனிதர். எங்கள் அத்தைக்கு ஊர் வைத்த பெயர் 'பேய் பிடித்தவள்'. காரைக்கால் அம்மையாரே பேயுருவம் வேண்டிப் பெற்ற பிறகுதானே நிம்மதியாக நடமாட முடிந்தது!

அத்தைதான் குடும்பத்தில் மூத்தவர். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். தாத்தாவும் அப்பத்தாவும் போன பிறகு வாலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம் பனங்காட்டுக்குள் ஓலை வீட்டிலேயே தங்கிவிட்டார். பெட்டியும் கொட்டானும் முடைவதுதான் பிழைப்பு. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, ஒரே அகலத்தில் நகத்தாலேயே கிழிப்பார். பெட்டியின் வாயை மடக்கும்போது ஓலையைக் கொஞ்சம் நனைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். சாயல்குடி கருப்பட்டி வியாபாரி வந்து வாங்கிப்போவார். யாரிடமும் கடன் இல்லை, சண்டை இல்லை. நல்லது கெட்டதுக்கு வருவார், காரியம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நான் பள்ளியில் படித்தபோது பெரியவர்கள் கூடிப் பேசி, மனநோயாளிகளைக் கொண்டுவந்து தங்கவைக்கும் ஏர்வாடி தர்காவில் அத்தையை விடுவதென்று வேன் பிடித்துப் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். பதநீர்க் காலம். அத்தை எல்லோருக்கும் ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "நான் உங்கள் யார் வீட்டு வாசலிலாவது வந்து நின்றேனா, தம்பி?" பெரியப்பா பட்டையில் மிச்சமிருந்ததை மணலில் கவிழ்த்துவிட்டு எழுந்தார். வேன் காலியாகத் திரும்பியது.

அதன் பிறகுதான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றிச் செத்தார்கள். எங்கள் வீட்டில் மறுபடி யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தர்காவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எரிந்தது தனியார் காப்பகம். சந்தனக்கூட்டுக்கு நானும் போகிறவன்தான். மனநோய் என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அத்தைக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அவருக்கு உபத்திரவம் ரேஷன் கடைதான். ஓலை கிழித்துக் கிழித்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது. துடைத்து, அழுத்தி, விரல் மாற்றி வைத்தாலும் கருவி ஏற்பதில்லை. "வீட்டில் வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் கடைக்காரர். நானே போய், அட்டையில் இருப்பது அத்தை பெயர் ஒன்றுதான் என்று காட்டினேன். அப்படியானால் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்.