352 என்ற எண்

கேள்வி: ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மன் இரண்டாம் உலகப்போரில் 352 விமானங்களை வீழ்த்தினார். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ரிச்சர்ட் பாங் 40-ஐத் தாண்டவில்லை. ஹார்ட்மன்தான் உலகின் தலைசிறந்த போர் விமானி என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?

பதில்: இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் தயக்கம். பாங் 40-ஐத் தொட்டதும் அவரைச் சண்டையிலிருந்து விலக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெர்மனியில் அந்த ஏற்பாடே கிடையாது. சாகும்வரை, அல்லது போர் முடியும்வரை பறக்க வேண்டும். 1942 அக்டோபரில், சோவியத்துக்கு எதிரான காக்கசஸ் போர்முனையில் 52ஆம் போர் விமானப் படைப்பிரிவில் சேர்ந்த ஹார்ட்மன், 1945 மே 8 வரை 1,404 முறை கிளம்பினார். 825 முறை சண்டை மூண்டது. அதே படைப்பிரிவின் விமானிகளில் பார்க்ஹார்ன் வீழ்த்தியது 301, ரால் வீழ்த்தியது 275. உலகப் பட்டியலின் முதல் மூவரும் ஒரே பிரிவு என்றால், அது ஓர் ஆளின் திறமைக் கணக்கு மட்டும் அல்ல.

இன்னொன்று. 352 என்பது அவர் பெயரில் பதிவான உரிமைகோரல். இரண்டு பேர் ஒரே விமானத்தைச் சுட்டிருப்பார்கள். புகை கக்கிக்கொண்டு மேகத்தில் மறைந்தது பத்திரமாக வீடு திரும்பியிருக்கும். எல்லா நாட்டு விமானப்படைகளிலும் நடந்ததுதான் இது. உண்மை எண் எவ்வளவு குறைவு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் திறமையை மறுக்கவே மாட்டேன். முதல் பயணத்திலேயே தலைமை விமானியை விட்டுவிட்டு எதிரியைத் துரத்தினார். எரிபொருள் தீர்ந்து தரையில் மோதி இறங்கினார். தண்டனையாக மூன்று நாள் மெக்கானிக்குகளோடு வேலை செய்ய வைத்தார்கள். அதன் பிறகு அவர் வகுத்துக்கொண்ட முறை நான்கே சொல்: பார், முடிவெடு, தாக்கு, விலகு. சுற்றிச் சுழன்று சண்டை போடுவது அவருக்குப் பிடிக்காது. எதிரி பார்க்க முடியாத பின்புறக் கீழ்ப்பக்கமாக வந்து, முன்கண்ணாடி முழுவதையும் அந்த விமானம் அடைத்த பிறகே விசையை அழுத்துவார்.

அவ்வளவு நெருக்கம் எதற்கு? அவருடைய மெஸ்ஸெர்ஷ்மிட் 109 ஜி-6 ரகத்தில் 20 மி.மீ. பீரங்கி புரொப்பெல்லரின் நடு அச்சு வழியாகச் சுடும். இரண்டு 13 மி.மீ. எந்திரத் துப்பாக்கிகள் எஞ்சினுக்கு மேல். எல்லாம் மூக்கிலேயே இருப்பதால், இறக்கைத் துப்பாக்கிகளைப் போல ‘இத்தனை மீட்டரில் குண்டுகள் ஒன்றுசேர வேண்டும்’ என்ற தொல்லை இல்லை. ஆனால் பீரங்கிக்கு 200 குண்டுதான். விடாமல் அழுத்தினால் 20 விநாடிக்குள் காலி. தூரத்திலிருந்து தூவிக்கொண்டிருக்க முடியாது. அவர் எதிர்கொண்ட சோவியத் இல்-2 தரைத்தாக்குதல் விமானத்தில் விமானியும் எஞ்சினும் கவசத் தொட்டிக்குள் இருப்பார்கள். பின்னாலிருந்து சுட்டால் குண்டு தெறித்துப் போகும். வயிற்றுக்கு அடியில் இருந்த ஆயில் கூலர்தான் அதன் பலவீனம். அங்கே பட்டால் எண்ணெய் கொட்டி எரியும்.

இந்த முறைக்கு விலையும் உண்டு. 50 மீட்டரில் ஒரு விமானத்தைச் சிதறடித்தால் அந்தத் தகடுகள் உங்கள் மேல்தான் வந்து மோதும். 109-ன் ரேடியேட்டர்கள் இறக்கைகளுக்கு அடியில்; ஒரு துண்டு பட்டாலே குளிர்விக்கும் நீர் ஒழுகி, சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நிற்கும். 1942 நவம்பர் 5 அன்று முதல் வெற்றி, அன்றே இப்படி வயல்வெளியில் இறங்கினார். 1943 ஆகஸ்ட் 20 அன்று அதே கதை, இறங்கியது சோவியத் பகுதியில். பிடிபட்டார்; உள்காயம் பட்டவர்போல் நடித்து, லாரியிலிருந்து குதித்துத் தப்பினார்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார். அவர்கள் சோவியத்திடம் ஒப்படைத்தார்கள். பத்து வருடம் சிறைமுகாம். அதற்குள் பிறந்து இறந்துபோன மகனை அவர் பார்க்கவே இல்லை. ஹிட்லரின் கையால் வைரப் பதக்கம் வாங்கியவர் என்பதையும் மறைக்க வேண்டாம்.

அவரை மதிக்க வேண்டுமானால் அடுத்த கட்டத்தைப் பாருங்கள். 1955-ல் திரும்பி, மேற்கு ஜெர்மன் விமானப்படையில் 71ஆம் படைப்பிரிவின் தளபதியானார். அமெரிக்க எஃப்-104 விமானத்தை அரசு வாங்கியபோது, ‘நம் விமானிகளின் அனுபவத்துக்கு இது ஆபத்தானது’ என்று வெளிப்படையாக எதிர்த்தார். மேலிடம் முகம் சுளித்தது. 1970-ல் கர்னலாக ஓய்வு பெற்றார். வாங்கிய 916-ல் ஏறக்குறைய 300 நொறுங்கின. நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் இறந்தார்கள்.